வெண்கலத்தைக் காந்தம் தின்னுமா?

சூசையார்பட்டி
5 ஆகஸ்ட் 2025

வினோலியா,

என் எண்ணை உன் போனில் அடைத்து வைத்து ஐந்து மாதமாகிறது. தபால்காரரை அடைக்க வழியில்லை என்பதால் இதை எழுதுகிறேன். இரண்டு டவுன் பஸ் மாறினால் சின்னாளப்பட்டிக்கு நேரிலேயே வந்துவிடலாம். ஆனால் நீ கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசுவாய். உன் தெருவே தறியை நிறுத்திவிட்டுக் கேட்கும். அந்த வேடிக்கை காட்ட எனக்கு வயதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா நினைவாக நம் கோயில் மணிக்கு நான் வாங்கிக் கொடுத்த மின்சாரச் சுத்தியல் உனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினால் கம்பிச்சுருள் காந்தமாகும். அது ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டின் முனையில் இருக்கும் சுத்தியல் மணியின் விளிம்பில் அடிக்கும். அவ்வளவுதான். அதன் பெட்டியில் ‘ஆனந்தமேரி இஞ்ஞாசி நினைவாக’ என்று ஒரு பித்தளைப் பலகை.

போன மாதம் மணி விரிந்துவிட்டது. ஆண்டனிராஜின் அம்மா அடக்கத்தன்று, துக்கமணி அடித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் உடைந்து, ஓட்டைக் குடத்தைத் தட்டியது போலாகிவிட்டது. ஆண்டனிராஜ் ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவன். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்குப் பொருளாளர். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன்தான். காந்தம் எதையெல்லாம் இழுக்கும் என்ற கேள்விக்கு, “எல்லாத்தையும் சார்” என்று பதில் சொன்னவன். இத்தனை வருடத்தில் அந்தப் பதிலிலிருந்து அவன் ஓர் அங்குலமும் நகரவில்லை. பேரவையில் எழுந்து, “காந்தம்யா! ராப்பகலா பக்கத்துலயே கெடந்தா வெண்கலத்த உள்ளுக்குள்ளயே தின்னுரும்” என்றானாம். கேட்டவர்கள் தலையாட்டினார்களாம். அந்தத் தலைகளில் பாதிக்கு நான்தான் பாடம் நடத்தினேன் என்பதை நினைத்தால் ஓய்வூதியம் வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவெடுக்கிறார்கள். காந்தம்தான் காரணம் என்று தீர்மானித்தால் சுத்தியலைக் கழற்றிவிடுவார்கள். பலகையும் போகும். உன் அக்காவுக்கு இந்த ஊரில் வேறெங்கும் பெயர் எழுதவில்லை. கல்லறைகூட என் அப்பா பெயரில் இருக்கும் குடும்பக் கல்லறை. எனக்கு அந்தப் பலகை அங்கே இருக்க வேண்டும்.

நீ இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ‘காந்தம் வெண்கலத்தை ஒன்றும் செய்யாது’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த செய்தி. ஆனால் இவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து தேவைப்படுகிறது.

இஞ்ஞாசி

*

சின்னாளப்பட்டி
7 ஆகஸ்ட் 2025

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை அதுவும் வரவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்த அன்று வீட்டில் விருந்து வைத்தீர்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் சொன்னது இது: “உப்புக்குக் காந்தம் காட்டி நம்ம வினோலியா டாக்டராயிட்டா. அடுத்து புளிக்கும் காட்டுனா ரசம் வச்சிரலாம்.” அக்காகூடச் சிரித்தாள். அன்றிலிருந்து நான் குடும்பத்தில் உப்பு டாக்டர். நான் ஓய்வு பெற்ற அன்று, வாட்ஸ்அப் குழுவில் உப்பு ஜாடிக்குள் காந்தத்தைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினீர்கள். அதனால்தான் அடைத்தேன். உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

சென்னை ஆய்வுக்கூடத்தில் என் வேலை முழுவதும் ஒரே கேள்வியைப் பற்றியது. காந்தம் இழுக்காத பொருள்களைக் காந்தப்புலத்தில் வைத்தால் அவற்றின் வலிமை மாறுமா? மாறும் என்பதுதான் நான் கண்டது. உப்புப் படிகத்தில் கண்டேன். எனக்கு முன்பே வேறு நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் பார்த்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது நீங்கள், ‘காந்தம் ஒன்றும் செய்யாது’ என்று என் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறீர்கள். எதற்காக என்னை இத்தனை வருடம் கேலி செய்தீர்களோ, அதை நானே பொய் என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு தக்காளி மண்டிக்காரருக்குப் பதிலாக.

எழுத மாட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் என்றீர்களே, அந்தப் பிள்ளையிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

மணியில் விரிசல் எங்கே விழுந்தது, சுத்தியல் எந்த இடத்தில் அடிக்கிறது, சத்தம் கெட்டது ஒரே அடியிலா மெல்ல மெல்லவா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு சோதனை செய்யும் பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை.

வினோலியா

*

சூசையார்பட்டி
11 ஆகஸ்ட் 2025

வினோலியா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ இல்லாமலே சமாளித்துக்கொள்வோம் என்றுதான் நேற்றுப் பேரவைக்குப் போனேன். அங்கே போனால் நீ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறாய்.

ஆண்டனிராஜ் கையில் ஒரு கட்டுத் தாள், உன் ஆய்வுக் கட்டுரை. திண்டுக்கல்லில் பிரிண்ட் எடுத்து வந்திருக்கிறான். மேலே உன் பெயர். எழுந்து நின்று, அதை ஆட்டி ஆட்டிப் பங்குச் சாமியாரிடம் பேசினான்:

“சாமி, இது யாரு எழுதுனது தெரியுமா? டாக்டர் வினோலியா. நம்ம வாத்தியாரு கொழுந்தியாதேன். காந்தத்துல வச்சா காந்தம் இழுக்காத பொருளும் எளகிப்போகுதாம். நான் சொல்லல சாமி, அவுக வீட்டுப் பொண்ணே சொல்லுது!”

“அது உப்புல பாத்ததுப்பா” என்றேன்.

“உப்பே தாங்கலைன்னா வெண்கலம் மட்டும் தாங்குமாக்கும்?” என்றான். ஒரு கிழவர் கை தட்டினார்.

சாமியார் நல்லவர். “ரெண்டு வாரம் பொறுப்போம், சார் தரப்பையும் எழுத்துல கொண்டாரட்டும்” என்று தள்ளி வைத்தார். வெளியே வந்ததும் ஆண்டனிராஜ் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, “வெசனப்படாதீக சார், பலகையக் கழட்டி வீட்டுலயே கொண்டாந்து குடுத்துர்றேன்” என்றான். தக்காளிப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற குரல் அது.

அந்தக் கட்டை வாங்கி வந்து வாசித்தேன். பாதி புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புரிந்த பாதியை என் பாஷையில் சொல்கிறேன், சரியா பார். கல்யாண வீட்டில் பெரிய ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். மொத்தமாக இழுத்தால் நாலு பேராலும் முடியாது. ஒரு ஓரத்தில் சுருக்கம் ஏற்படுத்தி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் மறுமுனைக்குப் போய்விடும், ஜமுக்காளமும் நகர்ந்திருக்கும். உப்புப் படிகம் வளைவதும் இப்படித்தான், உள்ளே இருக்கும் சுருக்கங்கள் நகர்ந்து. நடுவில் அங்கங்கே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவை வேற்று அணுக்கள். சுருக்கம் அங்கே போய் நின்றுவிடும். காந்தத்தைக் காட்டினால் பிள்ளை ஒரு கணம் எழுந்து நிற்கிறது, சுருக்கம் தாண்டிப் போகிறது.

இதைத்தானே சொல்கிறாய்? இதற்கு உனக்கு நாற்பது பக்கம் எதற்கு? முதல் பக்கத்திலேயே ஜமுக்காளத்தை விரித்திருந்தால், நான் அந்த ரசம் வைத்திருக்க மாட்டேன்.

இப்போது உன் வார்த்தையை வைத்தே உன் அக்கா பெயரைக் கழற்றப் போகிறார்கள். என்ன செய்யப் போகிறாய்?

இஞ்ஞாசி

*

சின்னாளப்பட்டி
13 ஆகஸ்ட் 2025

அத்தான் அவர்களுக்கு,

ஜமுக்காளம் சரி. பிள்ளை எழுந்து நிற்பதும் சரி. ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் பலர் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் மோசமாகச் சொன்னார்கள் என்பதுதான் பொருள்.

அந்த மனிதர் என் வாழ்நாள் வேலையை மண்டிச் சீட்டு போல ஆட்டினார் என்பதை வாசித்ததும் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்துவிட்டேன். உப்பே தாங்கவில்லை என்றால் வெண்கலம் எப்படித் தாங்கும் என்று கேட்டாராம். உளுந்து ஊறினால் கருங்கல்லும் ஊறும் என்பது போன்ற அறிவு. அதற்குக் கை தட்ட ஒருவர்!

அவர் ஆட்டிய தாளில் இருப்பது என்ன? காந்தப்புலத்தில் உப்புப் படிகம் இளகுகிறது. இளகிய பொருள் வளையும், நசுங்கும். விரிசல் விடுவது இறுகிப்போன பொருள். வாதத்துக்காக வெண்கலமும் இளகியது என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் மணி விரிவது கடினமாகுமே தவிர எளிதாகாது. தன் பக்கத்துச் சாட்சி என்று அவர் கூட்டி வந்தது எதிர்ப்பக்கத்துச் சாட்சியை.

இன்னொன்று. நாங்கள் உப்பைக் காட்டிய புலம், உங்கள் சுத்தியல் பெட்டியிலிருந்து கசிந்து மணியைத் தொடும் புலத்தைப் போல எத்தனையோ மடங்கு பெரியது. நான் செப்புக் கலவைகளிலும் பல வருடம் தேடினேன். நம்பும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தோல்வியை நான் எங்கும் அச்சிடவில்லை. முதல் முறையாக உங்களுக்கு எழுதுகிறேன். அதைக் குழுவில் போட்டுச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே கேட்டதைத் தருகிறேன், கேட்ட வாசகத்தில் அல்ல. இணைத்திருக்கும் தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘காந்தமற்ற பொருள்களின் வலிமையைக் காந்தப்புலம் மாற்றக்கூடும். இந்த மணியின் விரிசலுக்கு அது காரணமாக இருக்க வழியில்லை.’ இரண்டு வரியையும் சேர்த்து வாசியுங்கள். முதல் வரியை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வாசித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் இதோடு முடியாது. காந்தம் இல்லையென்றால் எது என்று உடனே கேட்பார்கள். இனிகோ என்ற எலக்ட்ரீஷியனைத்தானே வைத்து மாட்டினீர்கள்? அவரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள். பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் சுத்தியல் அடித்துவிட்டுத் தானாக விலகுகிறதா? அதைப் பார்த்து எழுதுங்கள்.

வினோலியா

*

சூசையார்பட்டி
18 ஆகஸ்ட் 2025

வினோலியா,

மாதா திருவிழா முடிந்து கொடியிறக்கியதும் கோபுரம் ஏறினேன். என் முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கீழே, தினமும் மணி அடிக்கும் கோயில்பிள்ளை பொத்தானை அழுத்த, மேலே நானும் இனிகோவும் நின்று பார்த்தோம்.

சுத்தியல் போய் அடித்தது. அங்கேயே நின்றுவிட்டது.

“கைய எடுத்தாத்தான் சார் வெலகும்” என்றான் இனிகோ. “அமுக்கிட்டே இருந்தா காந்தம் விடாதுல்ல. மணியிலயே சாஞ்சுக்கிட்டு நிக்கும். அடிச்சதும் தானா விடுறதுக்கு ஒரு சின்ன டப்பா இருக்கு, கடைக்காரரு அப்பவே சொன்னாருல்ல. நீங்கதேன், ‘பொத்தான்ல இருந்து கைய எடுக்கத் தெரியாத முட்டாப்பயலா நம்ம ஊர்ல இருக்கான்’னு வேணாம்னுட்டீங்க.”

விரிசல் சுத்தியல் படும் இடத்திலேயே தொடங்கி மேலே போகிறது. ஒலித்துக்கொண்டிருக்கும் மணியின் விளிம்பு துடித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இரும்பு சாய்ந்து நின்றால், துடிக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பு இரும்பில் மோதும். பழைய வெண்கலம் எத்தனை மோதலைத் தாங்கும்?

இனி அன்றைக்கு நடந்தது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், துக்கமணியின் முதல் அடிகளை இறந்தவரின் மூத்த பிள்ளைதான் அடிக்க வேண்டும். கயிறு இருந்த காலத்தில் யார் எப்படி இழுத்தாலும் நாக்கு அடித்துவிட்டுத் திரும்பிவிடும். இப்போது பொத்தான். அன்றைக்கு அதில் கை வைத்தது ஆண்டனிராஜ். நான் பின்வாசலில் நின்றிருந்தேன். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடி கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினான். உடனே கையை எடுக்கவில்லை. சத்தம் பாதியில் அடங்கிப்போகவே இன்னும் அழுத்தினான். ஒரு கணம் விட்டு, மறுபடி நெடுநேரம், மறுபடியும் அப்படியே. கோயில்பிள்ளை, “போதும்ணே, விடுங்கண்ணே” என்று தோளைத் தொட்டார். தட்டிவிட்டான். பிறகுதான் அந்த ஓட்டைக்குடச் சத்தம்.

அன்றைக்கு எனக்கு அது அழுகையாக மட்டுமே தெரிந்தது. இப்போது புரிகிறது. மணியை விரித்தது அவன் கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை உன் தாளை வாசித்துவிட்டு, இதையும் சொல்லப் போகிறேன். எட்டாம் வகுப்பில் போட்டிருக்க வேண்டிய முட்டையை இப்போது போடுகிறேன். எல்லாத்தையும் இழுக்குமாம்!

இஞ்ஞாசி

*

சின்னாளப்பட்டி
20 ஆகஸ்ட் 2025

அத்தான் அவர்களுக்கு,

சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். என் பெயரை வைத்து அக்கா பெயரை அழிக்கப் பார்த்தவர் அவர். கோயில்பிள்ளையை எழுப்பிச் சாட்சி சொல்ல வையுங்கள். அந்தக் கிழவர் இப்போது யாருக்குக் கை தட்டுகிறார் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.

டப்பாவை வேண்டாம் என்றவர் யார் என்று இனிகோ வாயைத் திறப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

வினோலியா

*

சூசையார்பட்டி
25 ஆகஸ்ட் 2025

வினோலியா,

நீ எதிர்பார்த்த கடிதம் இது அல்ல. உட்கார்ந்து வாசி.

நேற்று மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. உன் தாளை இரண்டு வரியும் சேர்த்து நிறுத்தி வாசித்தேன். ஜமுக்காளத்தையும் விரித்தேன். பிள்ளை எழுந்து நின்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பு. இளகியது விரியாது என்று சொன்னபோது சாமியாரே, “அட, ஆமா” என்றார். உன் மானம் முழுதாகத் திரும்பி வந்தது. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“அப்ப எதனாலதான் விரிஞ்சுச்சு?” என்று ஆண்டனிராஜ் எழுந்தான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிட்டான்.

“சார், நீங்க படிச்சவுக, என்னமும் சொல்லுவீக. எங்கம்மா பூச தவறாது. சாகுறப்பக்கூட, ‘ஏலே, மணி எல்லா ஊருக்கும் கேக்குறாப்ல அடிங்கடா’ன்னுச்சு. நான் அமுக்குறேன் அமுக்குறேன், சத்தமே வரல சார். எம்புட்டு அமுக்கியும் வரல. எங்கம்மாவ ஊமையா அனுப்பிவச்சோம். இந்தக் காந்தம் இல்லாட்டி அதுக்கு நல்லபடியா அடிச்சிருப்பேன்ல?”

சொல்லும்போதே வலது கட்டைவிரல் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியாமல். தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், ஒருவருக்கும் உறைக்கவில்லை. கோயில்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்தார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? அவன் தோற்றிருப்பான், சரி. பிறகு வாழ்நாள் முழுவதும், அம்மாவுக்கு மணி ஊமையானது தன் கையால் என்று தூங்கி எழுவான். நான் அவனுக்கு முட்டை போட நினைத்தேன். இது முட்டை இல்லை.

“சுத்தியல் அடிச்சதும் தானா விலகியிருக்கணும். விலகல. அப்படி விலக்குற டப்பாவ வேணாம்னது நான்” என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

“விலகாம புடிச்சு வச்சிருந்தது எது சார்?” என்றான்.

“காந்தம்” என்றேன்.

“அதத்தானய்யா நான் மொதல்லருந்து சொல்றேன்!” என்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தான். நீ கேட்டிருந்தாயே, அந்தக் கிழவர் அவனுக்குத்தான் கை தட்டினார். முப்பத்தெட்டு வருடம் நடத்திய இயற்பியலை ஒரு சொல்லில் அவன் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

இன்று காலை இனிகோ சுத்தியலைக் கழற்றினான். பலகை வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. உன் அக்கா பெயர் சாப்பாட்டு மேசை மேல், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு.

இஞ்ஞாசி

*

சின்னாளப்பட்டி
2 செப்டம்பர் 2025

அத்தான் அவர்களுக்கு,

திட்டி எழுதினேன். மூன்று பக்கம். கோழை என்ற சொல் அதில் பலமுறை வந்திருந்தது. தபாலில் சேர்க்கப் புறப்பட்ட நேரத்தில் வாசலில் ஒருவர் நின்றார். தறிக்காரர் வீட்டில் முகவரி விசாரித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை தக்காளி, சட்டைப் பையில் நாலாக மடித்தபடி, பேரவைக்கு நான் எழுதிய தாள்.

“டாக்டரம்மா, நான் சூசையார்பட்டி ஆண்டனிராஜ்” என்றார்.

கதவைத் திறந்தேன். வராதே என்று சொல்ல என்னிடம் எத்தனையோ வாசகங்கள் தயாராக இருந்தன. இவ்வளவு அற்பமான மனிதரை எவ்வளவு சுருக்கமாக அனுப்பலாம் என்றுகூட யோசித்திருந்தேன். அவர் உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். வாத்தியாரு சொன்னதுலருந்து தூக்கம் வரல. சுத்தி வெலகலைன்னாரு. நான் கைய எடுக்காம அமுக்கிக்கிட்டே இருந்தேன்மா. அதனாலயா விரிஞ்சுச்சு?”

உங்கள் மாணவர் நீங்கள் நினைத்த அளவு முட்டாள் இல்லை. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

நான் கேட்க விரும்பிய ஒப்புதல் தானாக என் வாசலுக்கு வந்து நின்றது. ‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒரு கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாமல் நான் இருந்ததில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அந்த மணியப் பாக்கவே இல்லையே. பழைய மணி. எப்ப விரிசல் விழுந்துச்சுன்னு பாக்காம எப்படிச் சொல்றது?” என்றேன்.

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. சொன்ன விதம் பொய். அவர் நம்பினாரா, நம்ப விரும்பினாரா, தெரியவில்லை. “சரிம்மா” என்றார். தக்காளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வந்த கோபம் முழுவதும் உங்கள் மேல்தான். எனக்கு இல்லாத ஒரு வியாதியை, ஒரு கடிதத்தில் மடித்து அனுப்பி ஒட்ட வைத்துவிட்டீர்கள். எழுதிய மூன்று பக்கத்தையும் கிழித்தேன், கோழை என்று உங்களை மட்டும் எழுதுவது இனி நியாயமில்லை என்பதால்.

அக்கா பெயர் செம்புக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வருகிறேன். எங்கே மாட்டுவது என்று நான் சொல்கிறேன். நீங்களாக ஆணி அடித்துச் சுவரை விரித்து வைக்காதீர்கள்.

வினோலியா